பாலுக்கு வேலி, ஆட்டுக்குத் திறந்த வாசல்

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்திட்ட பொருளாதார ஒத்துழைப்பு, வர்த்தக உடன்பாடு அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆஸ்திரேலியச் செம்மறியாட்டு இறைச்சிக்கு இந்தியா விதித்திருந்த இறக்குமதி வரி 30 விழுக்காடு. உடன்பாடு நடைமுறைக்கு வந்த அன்றே அந்த வரி முற்றிலும் நீங்கியது. உணர்வுபூர்வமான பொருள்களுக்கு ஐந்தாண்டு, பத்தாண்டு என்று படிப்படியாக வரியைக் குறைப்பது இத்தகைய உடன்பாடுகளில் வழக்கம். ஆட்டிறைச்சிக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. இது குறித்துத் தமிழ்நாட்டில் பெரிய விவாதம் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

அதே உடன்பாட்டில் பால், பால் பொருள்கள், அரிசி, கோதுமை, சர்க்கரை, கொண்டைக்கடலை ஆகியவற்றுக்கு இந்தியா எந்தச் சலுகையும் தரவில்லை. இது தற்செயல் அன்று. 2019 நவம்பரில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில், பதினைந்து ஆசிய பசிபிக் நாடுகளுடனான பிராந்தியப் பொருளாதாரக் கூட்டாண்மையில் சேருவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது. நியூசிலாந்துப் பால்மாவு இங்கே வந்து குவியும் என்ற அச்சம் அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதே நியூசிலாந்துடன் தனியாக நடந்த பேச்சு நிறைவடைந்ததாக 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது, பால் மீண்டும் வேலிக்குள் இருந்தது. செம்மறியாட்டு இறைச்சியோ வரியின்றி வரக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் உடன்பாட்டிலும் ஆட்டிறைச்சி வரிச்சலுகை பெற்றது.

மூன்று உடன்பாடுகளிலும் பாலுக்குக் காவல், ஆட்டுக்குத் திறந்த வாசல். ஏன் இப்படி?

பாலுக்குப் பின்னால் அமைப்பு இருக்கிறது. ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கம், மாவட்டத்துக்கு ஒன்றியம், மாநிலத்துக்கு ஆவின், குஜராத்துக்கு அமுல் என்று அடுக்கடுக்காக எழுந்த அந்த அமைப்பில் கோடிக்கணக்கான குடும்பங்கள் இணைந்துள்ளன. பால் விலை ஒரு ரூபாய் குறைந்தாலும் அது சட்டப்பேரவையில் எதிரொலிக்கும். ஆடு வளர்ப்பவருக்கு அப்படியொரு கொள்முதல் நிலையம் இல்லை. அறிவிக்கப்பட்ட விலை இல்லை. பெரும்பாலும் நிலமும் இல்லை. வர்த்தகப் பேச்சில் எதையேனும் விட்டுக்கொடுத்தாக வேண்டிய கட்டம் வரும்போது, விட்டுக்கொடுத்தால் சத்தம் எழாத பொருளைத்தான் அரசுகள் முதலில் தேடும்.

ஆட்டுத் தொழில் சிறியது என்றும் ஒதுக்கிவிட முடியாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 7.4 கோடி செம்மறியாடுகளும் 14.9 கோடி வெள்ளாடுகளும் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் செம்மறி 45 லட்சம். வெள்ளாடு ஏறத்தாழ 99 லட்சம். நாட்டின் மொத்த இறைச்சி உற்பத்தியில் இவ்விரண்டின் பங்கு கால்பகுதிக்கும் சற்று அதிகம். மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, திருச்சி கருப்பு என்று நம் செம்மறி இனங்கள் பலவும் மழை குறைந்த மாவட்டங்களைச் சேர்ந்தவை. தலைநகரின் பெயரைத் தாங்கிய ‘சென்னைச் சிவப்பு’ என்ற இனமும் உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களே அதன் தாயகம்.

மயிலாப்பூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் சைவ உணவுக்காரர். “கறிக்கடை வியாபாரத்தில் எனக்கென்ன அக்கறை?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தென்மாவட்டக் கீதாரிகள் கோடைதோறும் மந்தைகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களுக்குச் செல்கிறார்கள். இரவில் வயலில் பட்டி அடைத்துக் கிடை போடுகிறார்கள். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் மண்ணில் இறங்குகின்றன. நிலத்துக்காரர் அதற்குக் கூலி தருகிறார். உரக் கடைக்கு அரசு கொடுக்கும் மானியம் பெரிது. கிடைக்கோ ஒரு ரூபாயும் இல்லை. ஆட்டை நம்பி வாழும் குடும்பம் அந்தத் தொழிலை விட்டுவிட்டால், கறிக்கடைக்கு வேறு எங்கிருந்தாவது ஆடு வந்துவிடும். நெல் வயலுக்குக் கிடை வராது. சைவருடைய இலையில் விழும் சோற்றுக்கும் மந்தைக்கும் இடையே அந்த அளவுக்குத் தொடர்பு உண்டு.

ஆஸ்திரேலிய இறைச்சி வந்ததால் நம் சந்தை கவிழ்ந்துவிட்டதா? இல்லை. அதை மிகைப்படுத்துவது நேர்மையாகாது. அடையாறிலும் தியாகராய நகரிலும் சில பெரிய அங்காடிகளின் உறைபெட்டிகளில் வெளிநாட்டு ஆட்டுத் துண்டுகளைப் பார்க்கிறேன். நட்சத்திர விடுதிகளின் உணவுப் பட்டியலிலும் அவை இடம்பெறுகின்றன. விலை நம் கடைக் கறியைவிடப் பல மடங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைதாப்பேட்டையில் வரிசையில் நிற்பவர் அன்று விடிகாலையில் அறுத்த கறியைத்தான் கேட்கிறார். குளிர்பெட்டிக் கறியை அவர் தொடமாட்டார். பெரம்பூர், வில்லிவாக்கம், சைதாப்பேட்டை ஆகிய இடங்களில் உள்ள மாநகராட்சி ஆட்டுத்தொட்டிகளுக்கு ஆந்திரம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் என்று பல திசைகளிலிருந்தும் லாரியில் ஆடுகள் வந்திறங்குகின்றன. இன்றைய நிலையில் கீதாரிக்குப் போட்டி ராஜஸ்தான் லாரிதான். ஆஸ்திரேலியக் கப்பல் அன்று.

ஆனால் இன்றைய நிலை நாளையும் நீடிக்கும் என்று கொள்வதற்கில்லை. உள்ளூர்க் கறி இன்று சென்னையில் கிலோ எண்ணூறு ரூபாய்க்குக் கீழே கிடைப்பது அரிது. அந்த விலை ஏறிக்கொண்டே போக, வரியில்லா இறைச்சியின் விலை அசையாமல் நின்றால், இடைவெளி தானாகவே சுருங்கும். முதலில் விடுதிகள், பிறகு திருமண மண்டபச் சமையல் ஒப்பந்தக்காரர்கள், அதன்பின் பிரியாணிக் கடைகள் என்று அது படியிறங்கும். வளைகுடாவில் அந்தப் போட்டி ஏற்கெனவே நடக்கிறது. இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் டன் ஆட்டிறைச்சியை ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் முதலிய நாடுகளுக்கு அனுப்புகிறது. நம் உற்பத்தியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய அளவு. அதே சந்தைக்குத்தான், உலகில் மிக அதிகமாகச் செம்மறி இறைச்சி ஏற்றுமதி செய்யும் ஆஸ்திரேலியாவும் அனுப்புகிறது.

இங்கே பொதுவாக ஒரு கருத்து சொல்லப்படுகிறது: “பணக்கார நாடுகள் தம் விவசாயிகளுக்கு மானியத்தைக் கொட்டுகின்றன, நம் ஏழை விவசாயி அதோடு எப்படிப் போட்டியிட முடியும்?” பருத்தியிலும் சர்க்கரையிலும் பாலிலும் இது பெருமளவு உண்மை. செம்மறியாட்டில் நிலைமை வேறு.

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு, ஒவ்வொரு நாட்டிலும் விவசாயியின் மொத்த வரவில் அரசு ஆதரவின் பங்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. நூறு ரூபாய் வரவில் நியூசிலாந்து விவசாயிக்கு அரசால் கிடைப்பது ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஆஸ்திரேலியாவிலும் மிகச் சொற்பமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதினைந்து ரூபாயை ஒட்டி இருக்கும். இந்தியாவின் கணக்கோ கழித்தல் குறியில் நிற்கிறது. உரம், மின்சாரம் என்று ஒரு கையால் கொடுத்தாலும், ஏற்றுமதித் தடைகளாலும் விலைக் கட்டுப்பாடுகளாலும் மறு கையால் அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள்.

நியூசிலாந்தின் கதையைத் தெரிந்துகொள்வது பயன் தரும். 1882-இல் அங்கிருந்து உறைந்த இறைச்சியை ஏற்றிய முதல் கப்பல் லண்டனுக்குச் சென்றது. அடுத்த தொண்ணூறு ஆண்டுகள் பிரிட்டனே அதன் பெரிய வாடிக்கையாளர். 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் அந்தச் சந்தை சுருங்கத் தொடங்கியது. அரசு குறைந்தபட்ச விலை, மலிவுக் கடன், உர மானியம் என்று விவசாயிகளைத் தாங்கிப் பிடித்தது. ஆட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் உதவி கிடைத்ததால் மந்தைகள் பெருத்தன. 1982-இல் ஆடுகளின் எண்ணிக்கை ஏழு கோடியைத் தொட்டது. செம்மறிப் பண்ணையாளரின் மொத்த வருவாயில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு வரை அரசுப் பணமாக இருந்த காலம் அது. 1984-இல் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசு இவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது.

பத்தில் ஒரு பண்ணை மூடப்படும் என்று அப்போது அஞ்சினார்கள். நிலத்தை விற்று வெளியேறியவை ஏறத்தாழ நூற்றில் ஒன்று. ஆனால் நில மதிப்பு சரிந்தது, கடன் வட்டி ஏறியது, பல குடும்பங்கள் கடும் துன்பத்துக்கு ஆளாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று அங்கே ஆடுகள் இரண்டரைக் கோடிக்கும் கீழே வந்துவிட்டன. எனினும் இறைச்சி உற்பத்தி அந்த அளவுக்குச் சரியவில்லை. முன்பு நூறு பெண்ணாடுகளுக்கு நூறு குட்டிகள் தேறின. இன்று ஏறத்தாழ நூற்று முப்பது தேறுகின்றன. ஒவ்வொரு குட்டியின் எடையும் கூடியிருக்கிறது.

இதைக் காட்டி, ‘மானியத்தை நிறுத்துங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். நியூசிலாந்து நிறுத்தியது ஆட்டுக்கும் விலைக்கும் கொடுத்த பணத்தை. ஆடு மேயும் நிலம் விவசாயியின் கையில் இருந்தது. கோமாரி நோய் நாட்டுக்குள் நுழையாதபடி எல்லையில் காவல் இருந்தது. இறைச்சிக்கூடம், குளிர்பதனக் கிடங்கு, துறைமுகம், இன ஆராய்ச்சி எல்லாம் ஒரு நூற்றாண்டாக வேரூன்றியிருந்தன. மானியம் போன பிறகு விவசாயி கால் ஊன்றி நிற்க அடியில் தளம் இருந்தது.

தளம் இல்லாத இடத்தில் வரிச்சுவரும் நெடுநாள் நிற்பதில்லை என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. தன் செம்மறி விவசாயிகளைக் காக்க 1999-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆட்டிறைச்சி மீது அது மூன்றாண்டுக் காலத்துக்குக் கூடுதல் வரியும் ஒதுக்கீட்டு அளவும் விதித்தது. அவ்விரு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 2001-இல் தீர்ப்பு அமெரிக்காவுக்கு எதிராக வந்தது. அவ்வாண்டே அந்த வரி திரும்பப் பெறப்பட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆடு வளர்ப்போருக்கு இங்கே உதவியே இல்லையா? இருக்கிறது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் திட்டம், ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் வீதம் ஐந்தாண்டுகளில் ஏழு லட்சம் குடும்பங்களுக்குத் தருவதை இலக்காகக் கொண்டது. அதற்குப் பின் வந்த அரசு, ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்குத் தலா ஐந்து ஆடுகள் தரும் திட்டத்தை அறிவித்தது. தெலங்கானா 2017-இல் இருபது பெண்ணாடும் ஒரு கிடாவும் கொண்ட மந்தையை 75 விழுக்காடு மானியத்தில் வழங்கியது. 2021-இல் திருத்தியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கம், ஐந்நூறு பெண்ணாடுகள் கொண்ட பண்ணைக்கு முதலீட்டில் பாதியை, அதிகபட்சம் ரூ.50 லட்சம் வரை, மானியமாகத் தருகிறது.

இவற்றை இகழ்வது என் நோக்கமன்று. கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆடுகள் என்பது கையில் இருக்கும் சேமிப்பு. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ ஒரு கிடாவை விற்றால் போதும். ஆனால் அது சமூகப் பாதுகாப்பு. போட்டியைத் தாங்கும் வலிமையை அது தருமா என்று கேட்டால், தராது. தெலங்கானாவில் ஆடுகளை அண்டை மாநிலங்களிலிருந்து வாங்கி ஓட்டிவர வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைத் தலைமைத் தணிக்கையரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஐம்பது லட்சம் மானியமோ, மறுபாதி முதலீட்டுக்கு வங்கிக் கடனும் பண்ணைக்கு நிலமும் காட்டக்கூடியவருக்கே எட்டும். ஊர் ஊராக நடக்கும் கீதாரி எந்த நிலத்தைக் காட்டுவார்?

ஆக, நம் மானியம் ஆட்டைக் கொடுக்கிறது. அந்த ஆடு எங்கே மேயும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. மயிலாப்பூரை ஒட்டி மந்தைவெளி இருக்கிறது. பெயரே சொல்லும் செய்தி அது; மந்தை நின்ற வெளி. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. நகரத்தில் அது இயல்பு, வருந்த வேண்டியதில்லை. ஆனால் அதே மாற்றம் இன்று கிராமத்து மேய்ச்சல் புறம்போக்கிலும் நடக்கிறது. மனைப்பிரிவு, சாலை, தொழிற்பேட்டை, குப்பைக் கிடங்கு என்று எதற்கு நிலம் தேவைப்பட்டாலும் முதலில் கண்ணில் படுவது அந்தப் புறம்போக்குதான். பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நடைமுறையில் அது எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை அவரவர் ஊரின் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. வனத்தைக் காப்பது தேவைதான். ஆனால் காட்டிலிருந்து வெளியே அனுப்பப்படும் மந்தைக்கு வெளியே மேய்ச்சல் நிலம் இருக்க வேண்டுமல்லவா? தீவனத்தை விலை கொடுத்து வாங்கி வளர்த்த ஆடு, புல்வெளியில் வளர்ந்த ஆஸ்திரேலிய ஆட்டோடு விலையில் போட்டியிட முடியாது. நம் ஆட்டில் கிடைக்கும் கறி அங்குள்ள ஆட்டின் கறியில் ஏறத்தாழப் பாதி எடைதான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நோய். ஆட்டுக்கொல்லி நோய், அம்மை, துள்ளுமாரி, நீலநாக்கு என்று ஆண்டு முழுவதும் ஏதாவதொன்று மந்தையைத் தாக்கிக்கொண்டே இருக்கிறது. 1997-98-இல் நீலநாக்கு நோய் தமிழ்நாட்டில் பெருமளவில் ஆடுகளைக் கொன்றது. இந்த இழப்பு உற்பத்திச் செலவாக மட்டும் நிற்பதில்லை. ஏற்றுமதி வாசலையும் அடைக்கிறது. கோமாரி நோய் இல்லாத நாடு என்ற தகுதி நமக்கு இல்லாததால், ஆஸ்திரேலியாவுக்கு நம் ஆட்டிறைச்சி செல்ல முடியாது. அங்கே வரி எவ்வளவு என்பது பிறகுதான். அவர்களுடைய இறைச்சி வரியின்றி இங்கே வரும். நம்முடையது சுகாதார விதியால் அங்கே தடுக்கப்படும். கோமாரி, கன்றுவீச்சு நோய்களை ஒழிக்க மத்திய அரசு 2019 செப்டம்பரில் ரூ.12,652 கோடியில் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது சரியான திசை. ஆனால் இடம்பெயரும் மந்தையைத் தேடித் தடுப்பூசி செல்ல வேண்டும். மந்தை மருந்தகத்தைத் தேடி வராது.

மூன்றாவது விலை. எட்டயபுரம், செஞ்சி, மேலப்பாளையம் சந்தைகளில் ஆடுகள் பெரும்பாலும் கண்மதிப்பில் விற்கப்படுகின்றன. தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கமும் மறைந்துவிடவில்லை. கறிக்கடையில் கிராம் கணக்கில் எடைபோடும் ஒரு பொருள், அதை உருவாக்கியவரிடமிருந்து எடைபோடாமலேயே கைமாறுகிறது. எடைக்கு விலை கிடைக்காதவரை, ஆட்டின் எடையைக் கூட்ட வேண்டும் என்ற ஊக்கம் வளர்ப்பவருக்கு எங்கிருந்து வரும்?

மேய்ச்சல் நிலம், நோய்த் தடுப்பு, எடைமேடை, தூய்மையான இறைச்சிக்கூடம், இன ஆராய்ச்சி ஆகிய இவற்றுக்குச் செலவிட உலக வர்த்தக அமைப்பின் விதிகள் தடையாக இல்லை. பூச்சி, நோய்க் கட்டுப்பாடு, ஆராய்ச்சி, பயிற்சி, கட்டமைப்பு ஆகியவற்றுக்கான செலவு அந்த அமைப்பின் வேளாண் உடன்பாட்டில் ‘பசுமைப் பெட்டி’ எனப்படும் பிரிவில் வருகிறது. அதற்கு உச்சவரம்பே கிடையாது. இதற்கான அறிவும் நம்மிடம் உண்டு. பொட்டனேரியில் மேச்சேரி இனத்துக்கும், நீலகிரியின் சாந்திநல்லாவில் மலைச் செம்மறிக்கும், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலும் ஆராய்ச்சி நிலையங்கள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. அவை வளர்த்தெடுத்த நல்ல கிடாக்கள் நடமாடும் மந்தைகளை எட்ட வேண்டும்.

உடன்பாட்டிலேயே இன்னொரு வழியும் உள்ளது. இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டு உற்பத்தியாளருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தால், சலுகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பாதுகாப்பு நடவடிக்கைக்கு அது இடம் தருகிறது. ஆனால் பாதிப்பைப் புள்ளிவிவரத்தோடு மெய்ப்பிக்க வேண்டும். கண்மதிப்பில் நடக்கும் சந்தையில் எந்த விலை எவ்வளவு சரிந்தது என்று எதை வைத்துக் காட்டுவது? முறையீடு செய்யக்கூட ஓர் அமைப்பு இல்லாதபோது யார் சென்று காட்டுவது?

வரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. உள்ளூரில் தட்டுப்பாடு வரும் காலத்தில் வெளிநாட்டு இறைச்சி விலையை மட்டுப்படுத்தினால் நுகர்வோருக்கு நன்மைதான். வர்த்தக உடன்பாட்டில் நம் ஆடைக்கும் தோல் பொருளுக்கும் கிடைத்த சலுகை ஆம்பூருக்கும் திருப்பூருக்கும் வேலை தரும் என்பதும் உண்மை. என் வாதம் ஒன்றே: அந்த வேலைவாய்ப்புக்கான விலையின் ஒரு பகுதியை, பேச்சு மேசையில் இடமே பெறாத ஆட்டிடையர் கொடுத்திருக்கிறார். அவருக்கு அந்தக் கணக்கைத் தீர்த்தாக வேண்டும். இலவச ஆட்டைத் தந்து அதைத் தீர்க்க முடியாது.

தமிழ்நாடு அரசு முதலில் செய்யக்கூடியவை இரண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் எஞ்சியிருக்கும் மேய்ச்சல் புறம்போக்கைக் கணக்கெடுத்து, வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாத நிலமாக அறிவிக்க வேண்டும். பெரிய ஆட்டுச் சந்தைகளில் எடைமேடை அமைத்து, அன்றைய விலையை நாள்தோறும் வெளியிட வேண்டும். பாலுக்குக் கூட்டுறவு எழுந்ததும் இப்படி எளிய தொடக்கத்திலிருந்துதான்: ஒரு கொள்முதல் நிலையம், ஓர் அளவுக் குவளை, கொழுப்புச் சத்தை அளக்க ஒரு கருவி. அளந்து விலை கொடுத்த இடத்தில் மக்கள் கூடினார்கள். கூடியவர்களின் குரல் தில்லி வரை கேட்டது. ஆடு வளர்ப்போருக்கும் அந்த வாய்ப்பு உருவானால், அடுத்த வர்த்தகப் பேச்சில் அவர்களைக் கேட்காமல் முடிவெடுப்பது எளிதாக இராது.